சொன்ன நேரம்

என் டூல் பாக்ஸின் மூடியில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. கனமான பெட்டிகளைத் தூக்குகிறவர்களை எச்சரிக்க விமான நிலையத்தில் ஒட்டுவார்களே, அது. ஓரங்கள் கிழிந்து எழுத்தும் பாதி அழிந்துவிட்டது. அதை ஒட்டிய ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தி ஆறு வருடங்களுக்கு மேலாகிறது. பெட்டியை இரண்டு முறை பெயின்ட் அடித்தேன். இரண்டு முறையும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடித்தேன்.

நான் டயாலிசிஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர். வீடு சென்னையில், 2008-இலிருந்து வேலை பெரும்பாலும் தென் மாவட்டங்களில். சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் போல மெஷினோடு இணைந்திருக்க வேண்டும். ஒரு முறை தள்ளிப்போனாலே கால் வீங்கும், மூச்சு வாங்கும். மூன்றே மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்று நின்றுவிட்டால், அன்றைய வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்குப் போக்கிடம் கிடையாது. அதனால் போன் வந்தால் கிளம்பிவிட வேண்டும். அவசரம் இல்லையென்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ், அவசரம் என்றால் விமானம். அவசரங்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் மாதம் ஐந்தாறு தடவை பறந்துகொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஜெட் அன்றைக்கு ஓட்டியது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். நிறையப் பேருக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. "இன்னிக்கு ஃபேன் வெச்ச பிளைட்டா?" என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அதைப் போல ஒரு விமானம் இல்லை. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். போயிங்கில் நடு வரிசையில் உட்கார்ந்தால் ஜன்னல் முழுக்க இறக்கைதான் தெரியும். இதில் கீழே இருக்கும் நிலம் அப்படியே திறந்து கிடக்கும். ஜெட் எஞ்சின் வைத்த விமானங்கள் முப்பதாயிரம் அடிக்கு மேலே போய்விடும், இது ஏறக்குறைய அதில் பாதி உயரத்தில்தான் போகும். வயல் வயலாகத் தெரியும்.

மதுரை போகும்போது வலப்பக்க ஜன்னல்தான் கேட்டு வாங்குவேன். விழுப்புரம் தாண்டி, பெரம்பலூர்ப் பக்கத்துப் பொட்டல் நிலம் தாண்டி, சட்டென்று அகலமான மணல். கொள்ளிடம். அடுத்து ஒரு பச்சைத் தீவு, அதற்கப்புறம் காவிரி. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தட்டில் வைத்த மாதிரி இருக்கும். ஆடியில் தண்ணீர் வந்திருந்தால் இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் ஓடும். பங்குனியில் போனால் மணல்தான், நடுவில் நூல்போல ஒரு ஓடை. நீர் திறந்துவிட்டார்களா இல்லையா என்பதை நான் பேப்பரில் படிப்பதற்கு முன்னால் ஜன்னலில் பார்த்துவிடுவேன். பிறகு மதுரையை நெருங்கும்போது கண்மாய்கள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அவை வெயிலில் ஒவ்வொன்றாக மின்னி அணையும். யானைமலை நிஜமாகவே படுத்த யானைதான் என்பது மேலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. சாமான்கள் முன்னால், விமானிகளின் அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருக்கும் அறையில் போகும். ஆக என் டூல் பாக்ஸ் எனக்கு முன்னால் உட்கார்ந்து வரும். நிற்கும்போது மின்சாரம் கொடுக்க, பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் தனிச் சிறு எஞ்சின் இதில் கிடையாது. வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைத்திருப்பார்கள். எஞ்சின் இரையும், விசிறி அசையாது. மெஷின்களோடு வாழ்கிறவன் என்பதால் அதை முதல்முறை கவனித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன். பிரேக்கை விட்டதும் ஆறு இலைகளும் மெல்ல நகர ஆரம்பிக்கும், ஒவ்வொரு தடவையும் அதைப் பார்ப்பேன்.

ஜெட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1953-ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-இல் நீக்கப்படும் வரை, உள்நாட்டில் அட்டவணை போட்டுப் பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமை அரசுக் கழகத்துக்கு மட்டும்தான் இருந்தது. தனியார் 'ஏர் டாக்ஸி' என்ற பெயரில்தான் ஓட்ட முடிந்தது. அப்படித்தான் 1993 மே 5 அன்று, வாடகைக்கு எடுத்த நான்கு போயிங் 737 விமானங்களோடு நரேஷ் கோயலின் ஜெட் தொடங்கியது. கூடவே தொடங்கியவை அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. நம் சென்னையிலிருந்து பறந்த என்.இ.பி.சி. சில வருடங்களில் போயிற்று. அதே சென்னையின் பாரமவுண்ட் 2005-இல் வந்து 2010-இல் நின்றது. 2012-இல் கிங்ஃபிஷர். ஜெட் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இருந்துகொண்டே இருக்கும் என்று நானும் நம்பினேன்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு ஜெட் கொடுத்த பாயின்ட்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஜெட்பிரிவிலேஜ் கார்டில் நீலத்தில் ஆரம்பித்துத் தங்கம் வரை ஏறினேன். எனக்கு அதில் உண்மையான பயன் ஒன்றுதான். கூடுதல் எடை. ஸ்பானர், திருப்புளி, பிரஷர் கேஜ் எல்லாம் சேர்ந்த என் பெட்டி பதினெட்டு கிலோ. கருவிகளைக் கையில் எடுத்துப்போகப் பாதுகாப்பு விதி அனுமதிக்காது, அதனால் அது செக்-இன் போயே ஆக வேண்டும். கையில் கொண்டுபோவது மின்சுற்றுப் போர்டுகள் மட்டும், வெள்ளி நிறப் பையில் சுற்றி. கார்டு இருந்ததால் எடைக்காகக் கவுன்டரில் நின்று வாதாடும் நேரம் மிச்சமானது. ஜெட் நின்ற பிறகு அந்தத் திட்டம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைத்துவிடும்படி உத்தரவிட்டதைப் பேப்பரில் படித்தேன். படித்துவிட்டு அன்று வேலைக்குக் கிளம்பக் கொஞ்சம் தாமதமானது.

பிடித்த ஏர்லைன்ஸ் எது என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் சீட்டைச் சொல்வார்கள், சாப்பாட்டைச் சொல்வார்கள். எனக்கு நினைவு வருவது சில மனிதர்கள்.

ஒரு மாலை மதுரையிலிருந்து திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. மகன் சென்னையில் இருக்கிறான், அவன்தான் டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறான். முதல் பயணம். அந்த மஞ்சள் கோட்டுப் பணிப்பெண் வடக்கே எங்கோ இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. பெரியவர் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பதைப் பார்த்ததும் வந்து பாதையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். தானே மாட்டிவிடவில்லை. முதலில் கழற்றும் விதத்தைக் காட்டினார், அப்புறம் மாட்டும் விதத்தை, அப்புறம் அவர் கையாலேயே மாட்ட வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்ல வேண்டும், தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். பேப்பர் நாப்கினில் ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டார்.

"எச்சில் முழுங்குங்க ஐயா."

"சரி தாயி," என்றார் பெரியவர். என்னைப் பார்த்து, "பாவம், புள்ளைக்கு எந்த ஊரோ," என்றார்.

மூன்று வாரம் கழித்து அதே விமானத்தில், நான்கு வரிசை முன்னால் ஒரு பாட்டியிடம் அதே குரல் சொல்வதைக் கேட்டேன். "எச்சில் முழுங்குங்க அம்மா." உச்சரிப்பு சரியாக வந்திருந்தது.

இனி 2011 ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு மெஷின்கள் ஒரே நாளில் நின்றுவிட்டன. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு நான்கு பேர். மாலை விமானத்தில் ஏறினேன். திருச்சி தாண்டியதும் மேகம் கறுத்துவிட்டது. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப ஆரம்பித்தது, திரும்பிக்கொண்டே இருந்தது.

அப்போது கேப்டன் பேசினார். மதுரை விமான நிலையத்தின் மேல் இடிமழை நிற்கிறது. இருபது நிமிடம் இங்கேயே சுற்றிப் பார்க்கப்போகிறோம். அதற்கும், அதன் பிறகு சென்னை திரும்புவதற்கும் எரிபொருள் இருக்கிறது. இருபது நிமிடத்தில் விலகாவிட்டால் சென்னைக்குத் திரும்பிவிடுவேன், அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன். பத்தாவது நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன். இவ்வளவுதான் சொன்னார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடத்தில் பேசினார். "மாற்றம் இல்லை." இருபதாவது நிமிடத்தில் பேசினார். விமானம் வடக்கே திரும்பியது. உள்ளே குலுக்கல் பலமாக இருந்தது. சிலர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாரும் சத்தம் போடவில்லை, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு என்ன ஆகிறது என்று கேட்கவும் இல்லை. கேட்பதற்கு மிச்சம் எதையும் கேப்டன் வைக்கவில்லை.

சென்னையில் இறங்கியபோது வாசலிலேயே தரைப் பணியாளர் ஒருவர் நின்றார். முப்பது வயதிருக்கும். பலமுறை என் பெட்டியை எடை போட்டவர், முகம் தெரியும், பெயர் அதுவரை தெரியாது. எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி திரும்பப் போக வாய்ப்பே இல்லைங்க. நாளைக்குக் காலைலதான். எத்தனை மணின்னு ஒன்பது மணிக்கு மேலதான் எனக்கே தெரியும். தெரிஞ்சதும் சொல்றேன்."

நான் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். காலை ஆறு மணி, நான்கு நோயாளிகள். அவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"சார், உள்ளதைச் சொல்லட்டுமா? பிளைட்டுக்காக நிக்காதீங்க. பாண்டியனைப் புடிச்சிருங்க. திரிசூலத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா எழும்பூர் போயிரலாம். உங்க பெட்டிய முதல்ல இறக்கச் சொல்றேன்."

ஒரு ஏர்லைன்ஸ் ஊழியர் தன் பயணியை ரயிலில் போகச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் என்னை நாளைக் காலை விமானத்தில் மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் நினைத்தது டிக்கெட்டைப் பற்றி அல்ல, ஆறு மணியைப் பற்றி. விமானத்தின் முன்னறையிலிருந்து என் பெட்டிதான் முதலில் வந்தது. பணத்தைத் திரும்ப வாங்குவதற்கான காகிதத்தைக் கையிலேயே கொடுத்தார். சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்கப் பாதையின் வாயில் வரை பெட்டியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கேதான் பெயர் கேட்டேன், போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

பாண்டியனில் முன்பதிவில்லாத பெட்டி. டூல் பாக்ஸே நாற்காலி. விடியும் முன் மதுரை. ஆறரைக்கு ஒரு மெஷின் ஓடியது, அடுத்தது பதினொன்றுக்கு.

அன்றைக்கு அங்கே நான் பேசிய விதம் மாறியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் டெக்னீஷியன்கள் "எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்று கேட்டால், "இதோ முடிஞ்சிரும்" என்பேன். எல்லா சர்வீஸ் ஆட்களும் சொல்வதுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த "இதோ" எவ்வளவு நீளம் என்று நான் யோசித்ததில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, சாப்பிடலாமா, தண்ணீர் குடிக்கலாமா என்று எதையும் அவரால் முடிவு பண்ண முடியாது. தண்ணீர்கூட அளந்து குடிக்கிறவர்கள் அவர்கள். அன்று இரண்டாவது மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து, காத்திருந்த இரண்டு பேரிடமும் நேராகச் சொன்னேன். "பவர் சப்ளை போர்டு போயிருக்கு. மாத்தறேன். பத்தரைக்கு உங்ககிட்ட வந்து ஓடுமா ஓடாதான்னு சொல்லிருவேன். ஓடாதுன்னா வேற இடத்துக்கு டாக்டர்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணலாம்." பத்தரைக்குப் போய்ச் சொன்னேன். அதில் ஒருவரின் மனைவி உடனே பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தார். அதுவரை அவர் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் நான் "இதோ" என்று யாரிடமும் சொன்னதில்லை.

2018 போகியன்று, என்னை ரயிலில் போகச் சொன்ன அந்தத் தரைப் பணியாளரை மறுபடி வேலையில் பார்த்தேன். பழைய பொருள்களைக் கொளுத்திய புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்ட நாள் அது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. காமராஜர் முனையத்தில் உட்கார இடமில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கரும்புக் கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கோவை போக வேண்டியவன். அவர் இப்போது சூப்பர்வைசர். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "இன்னும் ஓடுபாதை தெரியலைங்க. மறுபடியும் அரை மணியில வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். கூட்டம் அந்த ஸ்டூலைச் சுற்றியே உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை, "அந்த மாமா வர நேரம் ஆச்சு" என்று அம்மாவிடம் சொன்னது.

அடுத்த வருடமே எல்லாம் முடிவுக்கு வந்துவிட்டது. நூற்றுக்கும் மேல் இருந்த விமானங்கள் வாடகை பாக்கிக்காக ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. விமானிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. மார்ச் 25 அன்று கோயல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்த வாரம் மும்பை போவதற்காக விமான நிலையம் போயிருந்தேன். அந்த சூப்பர்வைசர் கவுன்டரில் தனியாக நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, எப்போதும்போல. பெட்டியை எடைமேடையில் அவரே தூக்கி வைத்தார். ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார். மூடியில் இருப்பது அதுதான்.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

அவர் டேக்கைக் கைப்பிடியில் சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியல சார்," என்றார். எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து நேரம் சேராமல் வந்த ஒரே பதில் அதுதான். பிறகு, "தெரிஞ்சா சொல்லிருவேன்," என்றார்.

ஏப்ரல் 17. திருநெல்வேலியில் ஒரு மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். இருட்டிவிட்டது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"சார், இன்னிக்கு ராத்திரி கடைசி. அமிர்தசரஸ் டு மும்பை. அதுக்கப்புறம் இல்லை. சொல்றேன்னு சொல்லியிருந்தேன்ல."